கரண்ட் போனதா, கேபிள் அறுந்ததா?

மலைத் தோட்டத்தில் நடுராத்திரி கேமரா படம் நின்றுபோனால் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கீழே கரண்ட் போய்விட்டதா, இல்லை நடுவில் கேபிள் அறுந்துவிட்டதா? கரண்ட் என்றால் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம். வந்ததும் தானே சரியாகிவிடும். கேபிள் என்றால் விடிந்ததும் வத்தலக்குண்டுக்குப் போன் போட்டு, ஸ்ப்ளைசிங் மெஷின் வைத்திருப்பவரை மலையேறச் சொல்ல வேண்டும். எதுவென்று பார்க்க டார்ச்சை எடுத்துக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் இறங்கலாம்தான். ஆனால் அந்த நேரத்தில் காட்டுமாடு எந்த வளைவில் நிற்கும் என்று தாண்டிக்குடியில் யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதற்காகவே, போன மழைக்காலத்திலிருந்து நான் பயன்படுத்தும் மேனேஜ்டு மீடியா கன்வர்ட்டரை மனதாரப் பாராட்டுகிறேன். தைவான் தயாரிப்பு. இதே கம்பெனியின் சுவிட்சுகளைப் பல வருடமாக வைத்திருக்கிறேன். சூட்டுக்கும் பனிக்கும் அசராதவை. அதனால் கொஞ்சம் பாசத்தோடுதான் எழுதுகிறேன். திட்ட வேண்டியதும் இருக்கிறது, வருகிறேன்.

பெட்டி செய்யும் வேலை தெரிந்ததுதான். லேன் கேபிளில் வருவதை ஒளியாக்கி ஃபைபரில் அனுப்பும். மறுமுனையில் இன்னொரு பெட்டி அதைத் திரும்ப மாற்றும். செம்பு லேன் கேபிள் 100 மீட்டரோடு நின்றுவிடும். எங்கள் பல்ப்பர் கொட்டகையும் காப்பி காயவைக்கும் களமும் பங்களாவிலிருந்து முக்கால் கிலோமீட்டர் கீழே இருக்கின்றன. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இழுப்பது அரசாங்கத்தின் வேலை. தோட்டத்துக்குள் இருக்கும் கடைசித் தூரம் நம் பாடு. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் செம்பை இவ்வளவு தூரம் இழுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கண்ணாடி இழைக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் ட்ராப் கேபிளோடு ஒட்டி வருகிற இரும்புக் கம்பியை மறந்துவிடக் கூடாது. கட்டடத்துக்கு முந்தைய சில்வர் ஓக் மரத்திலேயே அதை முடிந்து வெட்டிவிட்டு, இழை மட்டும் உள்ளே போக வேண்டும். கம்பியையும் சேர்த்து இழுத்து வந்தால், இடியைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்த மாதிரி.

மேனேஜ்டு இல்லாத சாதாரண ஜோடி இதைவிட எவ்வளவோ மலிவு. வருடக்கணக்கில் ஓடவும் செய்யும். ஆனால் அதனிடம் இருப்பது பச்சை விளக்கு மட்டும்தான். எரிந்தால் இணைப்பு உண்டு, அணைந்தால் இல்லை. ஏன் இல்லை என்று அது சொல்லாது. மேனேஜ்டு பெட்டிகளோ ஐ.இ.இ.இ. 2004-ல் வகுத்த 802.3ஏஹெச் தரத்தின்படி தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. நம் டேட்டாவுக்கு நடுவிலேயே நொடிக்கு ஒரு முறையாவது ஒரு சின்னச் செய்தி இரு பக்கமும் போய் வரும். 5 நொடி எதுவும் வராவிட்டால் எதிர்ப்பெட்டி போய்விட்டதாகக் கணக்கு. இந்தத் தரத்துக்குள் ஒரு ஓரமாக இருப்பதுதான் ‘டையிங் கேஸ்ப்’. கீழ்ப்பெட்டிக்கு வரும் 12 வோல்ட் விழத் தொடங்கியதும், உள்ளே கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை வைத்து, ‘எனக்குக் கரண்ட் போகிறது’ என்று மேல்பெட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அது அணைகிறது. எல்லாம் சில மில்லி நொடிக்குள். கேபிள் அறுந்தால் இந்தச் செய்தி வர வழியே இல்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி பெரும்பாறைப் பக்கமிருந்து மழை ஏறி வந்தது. கீழ்க்கேமரா எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. மேல்பெட்டியின் லாக் பக்கத்தைத் திறந்தேன். ‘ரிமோட் டையிங் கேஸ்ப்’ என்று ஒரு வரி, அதை ஒட்டி ‘ஃபைபர் லிங்க் டவுன்’ என்று இன்னொரு வரி. லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தேன். காலையில் வாட்ச்மேன் வந்து, “அண்ணே, ராத்திரி பூரா கொட்டகைல கரண்ட் இல்லண்ணே, ஓக் மரம் லைன்ல சாஞ்சு கெடக்கு” என்றார். எங்கள் கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகொரு நாள் ‘லிங்க் டவுன்’ மட்டும் தனியாக வந்தது. ஸ்ப்ளைசிங்காரரை மெஷினோடு நேரே வரச் சொன்னேன். முறிந்த கிளையடியில் அறுந்த முனை கிடந்தது.

யு.பி.எஸ். போட்டால் போகிறது, இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். போடத்தான் வேண்டும். ஆனால் மலையில் மரம் விழுந்தால் கரண்ட் வர ஒரு நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். சின்ன யு.பி.எஸ். சில மணி நேரத்தில் காலியாகும், அப்போது அதே கேள்வி மறுபடியும் வரும்.

இன்னொரு சந்தோஷம், வரும் ஒளியின் அளவை டிபிஎம் கணக்கில் திரையிலேயே காட்டுவது. எங்களுடையது ஒற்றை இழை. ஒரு முனை 1310 நானோமீட்டரில் அனுப்பும், மறுமுனை 1550-ல் அனுப்பும். இழை எங்காவது மடங்கினால் 1550 முதலில் அடிவாங்கும். கிளை ஒன்று கேபிள் மேல் சாய்ந்தபோது, 1550 வாங்கும் முனையில் அளவு தெளிவாக இறங்கியிருந்தது, 1310 முனையில் அவ்வளவாக இல்லை. இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் கனெக்டர் அழுக்கைச் சந்தேகித்திருப்பேன். இது மடங்கல் என்று புரிந்தது. அறுவதற்கு முன்பே கிளையை வெட்டிவிட்டோம்.

இப்போது கோபம். ‘லிங்க் ஃபால்ட் பாஸ்-த்ரூ’ என்றொரு வசதி, டிப் சுவிட்சில், ஃபேக்டரியிலிருந்தே ஆன் நிலையில் வருகிறது. ஃபைபர் போனால் இது லேன் பக்கத்தையும் அணைத்துவிடும். பின்னால் இருக்கும் சுவிட்ச் உடனே மாற்றுப் பாதைக்குப் போகும். இரண்டு பாதை வைத்திருக்கும் பேங்குக்கு இது அவசியம். ஆனால் இந்தப் பெட்டியில் இருப்பது ஒரே ஒரு லேன் போர்ட், மேனேஜ்மென்ட் பக்கமும் அதன் வழியாகத்தான். ஆக, ஃபைபர் போன நொடியில் பெட்டி தன் வாயைத் தானே பொத்திக்கொள்கிறது. லாக் பார்க்க முடியாது. எஸ்.என்.எம்.பி. ட்ராப் என்கிற எச்சரிக்கைச் செய்தி வெளியே போக முடியாது, அது யு.டி.பி.யில் போவது என்பதால் வந்து சேராததைப் பெட்டி திரும்ப அனுப்பவும் செய்யாது. எதற்காகக் கூடுதல் காசு கொடுத்தோமோ, அது தேவைப்படுகிற நேரத்தில்தான் கிடைக்காமல் போகிறது. மேனுவலில் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் இல்லை. ஒற்றைப் பாதை வைத்திருப்பவர்கள், நான் அணைத்து வைத்திருப்பதுபோல, பெட்டியை மாட்டும் முன்பே அந்த சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

கடைக்காரர்கள் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பேட்ச் கார்டு கேட்டால் பச்சை முனையைக் கையில் திணிக்கிறார்கள், வீட்டு இணைப்புகளுக்கு அதுதான் ஓடுகிறது என்பதால். பச்சை என்றால் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது. பெட்டியில் ஃபைபரைச் செருகும் எஸ்.எஃப்.பி. மாட்யூல் கேட்பது நீலம், சாய்வில்லாதது. இரண்டையும் சேர்த்தால் உள்ளே போகும், லிங்க்கும் சில நேரம் வரும், ஒளி பாதி வீணாகும், முனைகளும் கெடும். வீண் அலைச்சலுக்கு இதுவே போதும்.

பக்கத்துக் கட்டடத்துக்கு என்றால் சாதாரண ஜோடியே போதும். ராத்திரியில் நடந்துபோய்ப் பார்க்க முடியாத இடத்துக்கு இதை வாங்குங்கள். வாங்கும்போது அட்டையில் 802.3ஏஹெச் என்று இருப்பதை மட்டும் பார்த்து நம்பிவிட வேண்டாம். அந்தத் தரம் இருந்தும் டையிங் கேஸ்ப் இல்லாத மாடல்கள் உண்டு. ஸ்பெக் தாளில் அது தனியாக எழுதியிருக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் அடுத்த மாடலில் மேனேஜ்மென்ட்டுக்கென்று தனி லேன் போர்ட் ஒன்று வைத்தால், விலை கொஞ்சம் ஏறினாலும் நர்சரிக்கும் ஒரு ஜோடி எடுத்துக்கொள்வேன்.