அகரவரிசை குத்தும் முத்திரை

இணைய இதழ்களுக்கென்று வரும் வேர்ட்பிரஸ் தீம்களில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. கட்டுரைத் தலைப்புக்கு மேலே, வண்ணப் பட்டையில், பகுப்பின் பெயரைப் பளிச்சென்று காட்டுவது. 2019-இல் வந்த வேர்ட்பிரஸின் இயல்புத் தீமான ட்வென்டி ட்வென்டி, பகுப்புகளைத் தலைப்புக்கு மேல்தான் வைத்தது; அடுத்து வந்த ட்வென்டி ட்வென்டி-ஒன் அவற்றைக் கட்டுரையின் அடிக்கு இறக்கியது. ஆனாலும் வண்ணப் பட்டை மோகம் தணியவில்லை. தேடுபொறி வழியாக நேரே உள்ளே வரும் வாசகருக்கு எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டாமா என்று கேட்கிறார்கள் வடிவமைப்பாளர்கள்.

தெரிய வேண்டும்தான். ஒரு பகுப்பின் பக்கத்தில் இருக்கும்போது பகுப்புகளின் பட்டியலில் அந்தப் பெயரை மட்டும் அழுத்திக் காட்டுவது நல்ல வசதி. வாசகர் தானே தேர்ந்து வந்த இடம் அது. அங்கே தவறு நேராது.

கட்டுரைக்கு மேல் ஒட்டும் ஒற்றைப் பட்டையின் கதை வேறு. ஒரு கட்டுரைக்கு இரண்டு மூன்று பகுப்புகள் இருந்தால் எதைக் காட்டுவது? வேர்ட்பிரஸின் மூல நிரலில் ‘முதன்மைப் பகுப்பு’ என்று ஒன்று கிடையாது. கட்டுரைக்குரிய பகுப்புகளைக் கேட்டால், இயல்பாக அது பெயர் வரிசைப்படி அடுக்கித் தருகிறது. டெம்ப்ளேட் எழுதுபவர் அந்தப் பட்டியலின் முதல் பெயரை எடுத்து, வண்ணம் பூசி, மேலே ஒட்டிவிடுகிறார். வேலை முடிந்தது.

விளைவைப் பாருங்கள். ஒரு நாவலின் மதிப்புரையை ஆசிரியர் ‘நூல் மதிப்புரை’, ‘அரசியல்’ என்ற இரண்டிலும் சேர்க்கிறார். பட்டையில் வருவது ‘அரசியல்’. காரணம், அது அகரத்தில் தொடங்குகிறது, வேறொன்றுமில்லை. அந்த இதழில் ‘அரசியல்’ உடன் சேர்ந்த எந்த மதிப்புரையும் மதிப்புரை என்ற பெயரோடு வெளிவராது. ‘வரலாறு’ பாவம், ஏறக்குறைய எல்லாவற்றிடமும் தோற்கும். இதழின் முகவரி அமைப்பில் பகுப்பையும் சேர்த்திருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். முகவரிக்கு வேர்ட்பிரஸ் எடுத்துக்கொள்வது அகரவரிசையை அல்ல, பகுப்பின் எண்ணில் மிகச் சிறியதை. அதாவது முதலில் உருவாக்கிய பகுப்பை. ‘நூல் மதிப்புரை’யை முதலில் உருவாக்கியிருந்தால், முகவரி மதிப்புரை என்கிறது, தலைக்கு மேல் பட்டை அரசியல் என்கிறது. இரண்டையும் ஆசிரியர் தீர்மானிக்கவில்லை. ஆசிரியர் பகுப்பே குறிக்காமல் விட்டால் இயல்புப் பகுப்பு தானாக ஒட்டிக்கொள்ளும். ‘அன்கேட்டகரைஸ்டு’ என்ற சொல் சிவப்புப் பட்டையில் ஒரு கவிதையின் தலையில் ஏறி உட்காரும்.

யோஸ்ட் போன்ற செருகுநிரல்கள் முதன்மைப் பகுப்பைத் தேர்ந்தெடுக்க வழி தருகின்றன என்பார்கள். தருகின்றன. ஆனால் டெம்ப்ளேட் அந்தத் தேர்வைக் கேட்டு வாங்கினால்தான் பட்டை மாறும். கேட்காத தீமில் ஆசிரியரின் தேர்வு தரவுத்தளத்திலேயே கிடக்கும்.

பகுப்பு என்பது சிறிய தகவல் இல்லை. இது மதிப்புரை, இது அஞ்சலி, இது புனைவு என்று சொல்லும்போதே எப்படிப் படிக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறோம். புனைவை ‘அனுபவம்’ என்ற பட்டையின் கீழ் படிப்பவர் எழுதியவரைப் பற்றியே தவறாக முடிவுகட்டுவார். இவ்வளவு கனமான ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில், உரத்த நிறத்தில், படிப்பதற்கு முன்பே கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு, அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அகரவரிசையிடம் விடுவது வடிவமைப்பே அல்ல, அலட்சியம்.

இதழ் நடத்துபவர்களே, உங்கள் டெம்ப்ளேட்டை எழுதியவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் பட்டையில் வரும் பெயரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ‘ஆசிரியர்’ என்று பதில் வராவிட்டால், பட்டையை எடுத்துவிட்டு எல்லாப் பகுப்புகளையும் கட்டுரையின் அடியில் சாதாரண எழுத்தில் போடச் சொல்லுங்கள்.