உருக்குவதும் தைப்பதும்

உலோகத்தை உலோகத்தோடு சேர்ப்பதற்கு மனிதன் கண்ட வழிகள் பல. உருக்கி ஒன்றாக்கலாம், பற்றவைத்து ஒட்டலாம், ஆணி அறைந்து பிணைக்கலாம். தைக்கலாம் என்று எவரேனும் சொன்னால் கேட்போர் நகைக்கக் கூடும். ஆனால் அரபு மொழியில் அதற்கென்றே ஒரு சொல் இருக்கின்றது. ‘ஸர்து’ என்பது அச்சொல். தோலைத் துளையிட்டுத் தைப்பதற்கும், இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துப் போர்க்கவசம் செய்வதற்கும் அகராதி ஆசிரியர்கள் இந்த ஒரு சொல்லையே தருகின்றனர். திருமறையின் 34ஆம் அத்தியாயமாகிய ஸபாவில், ஹழ்ரத் தாவூது (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்ட செய்தி வருமிடத்தில், அளவறிந்து கோக்க வேண்டும் என்னும் கட்டளையிலே இச்சொல் ஆளப்பட்டிருக்கின்றது. ஆணி மெலிந்தால் வளையம் ஆடும், தடித்தால் வளையம் பிளந்துவிடும் என்று விரிவுரையாளர்கள் இதற்கு விளக்கம் எழுதினர். ஒரு கொல்லனின் பட்டறைக்குள் நின்று எழுதியது போன்ற விளக்கம் அது! ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துரைப்பதற்கும் இதே சொல் வழங்கிற்று. இன்றைய அரபியில் கதை கூறும் கலைக்கும் இதுவே பெயர்.

இச்சொல்லை நினைவூட்டும் கலைப்படைப்புகளை நம் காலத்தில் ஆக்கி வருபவர் எல் அனட்சுயி என்னும் ஆப்பிரிக்கச் சிற்பி. கானா நாட்டின் அன்யாகோ என்ற ஊரில் 1944இல் பிறந்தவர். அவருடைய தந்தையும் தமையன்மாரும் ‘கெண்டே’ என்னும் வண்ணத் துணியை நெய்தவர்கள். 1975 முதல் நைஜீரியாவில், நுசுக்கா நகரப் பல்கலைக்கழகத்தில் சிற்பம் கற்பித்தார். மரத்திலும் சுடுமண்ணிலும் வேலை செய்து வந்த அவர் கையில், 1990களின் இறுதியில், எவரோ எறிந்துவிட்டுப் போன ஒரு பை நிறைய மதுப்புட்டி மூடிகள் கிடைத்தன. மூடிகளையும் புட்டியின் கழுத்தைச் சுற்றியிருக்கும் அலுமினியப் பட்டைகளையும் தட்டையாக்கி, மடித்து, முறுக்கி, ஓரங்களில் துளையிட்டு, மெல்லிய செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்தார். ‘ஆணின் ஆடை’, ‘பெண்ணின் ஆடை’ எனப் பொருள்படும் பெயர்களில் 2001இல் இரு திரைகள் உருவாயின. அவை இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2007இல் வெனிஸ் நகரத்து மாளிகையொன்றின் முகப்பையே அவருடைய திரை மூடிற்று. 2015இல் அந்நகரத்துக் கலைவிழா, வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதை அவருக்கு வழங்கியது.

நாம் இவற்றை நிழற்படங்களில் மட்டுமே கண்டோம். நிழற்படத்திலும் ஒன்று தெளிவாகத் தெரிகின்றது. இவை துணியைப் போல் மடிகின்றன, சரிகின்றன, சுருங்குகின்றன. உலோகத்துக்கு இக்குணம் தையலால் வந்தது. தம் திரையை எப்படித் தொங்கவிட வேண்டும் என்று அவர் கட்டளையிடுவதில்லை. தூக்குபவர்கள் தம் விருப்பப்படி மடிப்புகளை அமைத்துக்கொள்ளலாம். ஆதலால் ஒரே படைப்பு இலண்டனில் ஒரு வடிவத்திலும் வேறொரு நகரில் வேறொரு வடிவத்திலும் இருக்கும். நம் சென்னைக்குத் தெற்கே, கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் தோற்றுவித்த சோழமண்டல ஓவியர் கிராமத்தில், ஜானகிராமும் நந்தகோபாலும் செம்புத் தகட்டை அடித்தும் பற்றவைத்தும் செய்த சிற்பங்கள் நம் மதிப்புக்குரியவை. ஆயினும் அவை ஒருமுறை நின்ற கோலத்திலேயே என்றும் நிற்பவை. தீயால் சேர்ந்தது மடங்காது. தையலால் சேர்ந்தது மடங்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கைத்திறனின் வேறுபாடு என்று மட்டும் கொள்வது போதாது.

கவரைப்பேட்டை வட்டாரத்தில் வாழ்பவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை நோக்கி நெடுஞ்சாலையில் லாரி லாரியாகப் பழைய இரும்பு போகின்றது. கதவுத் தாழ், மிதிவண்டிச் சக்கரம், அறுத்தெடுத்த பாலத்துக் கம்பி, என்ன இயந்திரத்தினதென்று அறிய முடியாத பல்சக்கரம் என எல்லாம் அதில் உண்டு. உலைக்குள் புகுந்து வார்ப்புக் கட்டியாகி, உருட்டாலையில் நீண்டு, கட்டடக் கம்பியாக வெளிவரும்போது எது எதுவாக இருந்தது என்பதற்குச் சுவடே இராது. வீடு கட்டுவதற்கு அதுதான் வேண்டும். அதில் நமக்குக் குறையில்லை. ஆனால் கலையில் உருக்குவது என்றால் மறக்கச் செய்வது என்றே பொருள். அனட்சுயியின் திரையில் ஒவ்வொரு மூடியும் மூடியாகவே இருக்கின்றது. அதன் மீதுள்ள சாராயத் தொழிற்சாலையின் பெயரைக்கூட அருகில் சென்றால் படிக்கலாம் என்கின்றனர். தூரத்தில் பொன்னாடை, அருகில் குப்பை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

சிறுபான்மையாக வாழும் ஒரு சமுதாயத்தினர் இந்த வேறுபாட்டை எளிதில் உணர்வர் என்பதற்கு மேல் இங்கு நாம் சொல்ல விரும்பவில்லை.

இனி, நம் வாசகர்கள் கேட்கக் கூடிய கேள்விக்கு வருவோம். மதுப்புட்டியின் மூடியைக் கொண்டு செய்ததை ஒரு முஸ்லிம் எழுத்தாளன் போற்றலாமா? இதற்கு ஃபிக்ஹு நூல்களிலேயே நமக்கு வெளிச்சம் கிடைக்கின்றது. அசுத்தமான பொருள் தூய்மையாவதற்கு இரு வழிகளைச் சட்ட அறிஞர்கள் பேசுகின்றனர். ஒன்று, பொருளே வேறொன்றாக மாறிவிடுவது. மது தானாகவே காடியாக மாறினால் அது தூய்மையாகும் என்பது போல. ஹனஃபீ அறிஞர்கள் இம்மாற்றத்தை விரிவாகக் கொள்வர். ஷாஃபிஈ அறிஞர்கள் குறுகிய எல்லைக்குள் நிறுத்துவர். மற்றொன்று, பொருள் மாறாமலேயே கழுவப்படுவது. உலோகத்துக்குக் கழுவுவதே போதும். (வழவழப்பான வாளைத் துடைத்தாலே போதும் என்பாரும் ஹனஃபீகளில் உளர்.) ஆகவே மூடியில் குற்றமில்லை. ஆனால் அதன் வரலாறு கழுவினாலும் போவதன்று. போகக் கூடாது என்பதே அச்சிற்பியின் கருத்து. ஐரோப்பிய வணிகர்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சாராயம் கொண்டுவந்தனர். அங்கிருந்து மனிதர்களை அடிமைகளாக ஏற்றிச் சென்றனர். அவ்வடிமைகள் கரும்புத் தோட்டங்களில் உழைத்ததால் மீண்டும் சாராயம் பிறந்தது. அந்த மூடிகளை அவர் தைப்பதில் மதுவுக்குப் புகழ்ச்சி ஒன்றுமில்லை. மதுவின் தீமையைப் பற்றி நாம் ஆண்டுதோறும் கேட்கும் மேடைப் பேச்சுகளில் பலவற்றைவிட இத்திரை நன்றாகப் பேசுகின்றது என்று சொன்னால் நம் பேச்சாள நண்பர்கள் வருந்தக் கூடாது.

நமக்குக் குறை தோன்றும் இடமும் உண்டு. புகழ் வளர வளரத் திரைகளும் வளர்ந்துவிட்டன. 2023 அக்டோபர் முதல் 2024 ஏப்ரல் வரை இலண்டன் டேட் மாடர்ன் கூடத்தில் அவர் தொங்கவிட்டவை கப்பற்பாய் போல் பெரியவை. அவ்வளவு பெரிதாகும்போது கண் தையலைப் பின்தொடர முடிவதில்லை. பிரமிப்பு ஒன்றே மிஞ்சுகின்றது. தொடக்க காலத்து இரு ஆடைகளே நமக்கு மேலாகத் தோன்றுகின்றன.

உலோகமும் தையலும் சேர்ந்த பெரும்படைப்பை உலகம் அனட்சுயிக்கு முன் அறியாததன்று. நம் வீட்டுச் சுவர்களில் படமாகத் தொங்கும் கஃபாவின் போர்வையை எத்தனை பேர் ஒரு கலைப்படைப்பாகக் கூர்ந்து நோக்கியிருப்போம்? நூற்றுக்கணக்கான கிலோ பட்டும், பொன் முலாம் பூசிய வெள்ளியிழையும், வெள்ளியிழையும் கிஸ்வாவுக்குச் செல்கின்றன. உயரம் 14 மீட்டர். மேற்பகுதியைச் சுற்றி ஓடும் பட்டை 47 மீட்டர் நீளமும் 95 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. எழுத்துகளை முதலில் பருத்தி நூல் கொண்டு புடைக்க நிரப்பி, அதன்மேல் பொன்னிழையைக் கிடத்திச் சிறு தையல்களால் பிடித்து நிறுத்துகின்றனர். பொன்னிழை துணியின் ஊடே புகுந்து வருவதில்லை. புகுந்தால் அதன் முலாம் தேயும், பாதிப் பொன் பின்புறத்தில் வீணாகும். கண்ணுக்குத் தெரியாத சாதாரண நூலே பொன்னைத் தாங்கி நிற்கின்றது. நெடுங்காலம் கெய்ரோவில் தைக்கப்பட்டு மஹ்மல் ஊர்வலத்தோடு வந்துகொண்டிருந்த கிஸ்வா, 1962க்குப் பின் அங்கிருந்து வரவில்லை. மக்காவிலேயே தைப்பதற்கு 1927இல் தொழிற்கூடம் அமைந்தபோது, வேலை தெரிந்தவர்கள் இந்தியாவிலிருந்தே வரவழைக்கப்பட்டனர். இச்செய்தி நம் பாடநூல்களில் இல்லை.

2025இல் ஜித்தாவில் நடந்த இஸ்லாமியக் கலைவிழாவில் முழுக் கிஸ்வாவும் மக்காவுக்கு வெளியே முதன்முறையாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. இது தகுமா என ஐயுற்றோர் இருக்கலாம். நாம் வரவேற்கின்றோம். இல்லத்தின் மீது இருக்கும்போது நம் பார்வை இல்லத்தின் மீதே இருக்க வேண்டும். இறக்கிவைத்த பின்னரே ஊசியின் வேலையை அமைதியாகக் காண இயலும்.

பெயர் பற்றியும் ஒன்று கேட்கத் தோன்றுகின்றது. முற்காலத்து ஆட்சியாளர்கள் தங்கள் பெயரைப் பொன்னிழையால் ஆடைக் கரையில் பொறிக்கச் செய்தனர். ‘திராஸ்’ எனப்பட்ட அவ்வழக்கத்துக்கு இப்னு கல்தூன் தம் முகத்தீமாவில் தனியொரு பகுதியே ஒதுக்கியிருக்கின்றார். கிஸ்வாவிலும் எங்கே செய்யப்பட்டது, எம்மன்னர் அளித்தார் என்ற வாசகம் தைக்கப்படுகின்றது. தைத்தவர் பெயர் இல்லை. இக்லாஸுக்கு அதுவே அழகு என்று கூறலாம். அக்கையாளர்கள் அப்படியே எண்ணியிருக்கவும் கூடும். ஆனால் அனட்சுயியின் திரைகளையும் அவருடைய பட்டறையில் பல கைகள் தைக்கின்றன. அருங்காட்சியகத்துச் சீட்டில் ஒரு பெயரே இருக்கின்றது. அங்கே இக்லாஸைக் காரணம் காட்ட இயலாது. கூலிக்குத் தைப்பவன் கைவினைஞன், திட்டமிடுபவன் கலைஞன் என்னும் பிரிவினை எங்கிருந்து வந்தது? சட்டத்தில் இறுக்கிய துணிமுன் நாள் முழுதும் குனிந்திருந்து, ஆரி ஊசியால் மணப்பெண்ணின் ரவிக்கைக்குப் பொற்சுருளும் சமிக்கியும் தைக்கும் பெண்கள் நம் மஹல்லாக்களில் எத்தனையோ பேர். ரவிக்கையில் கடையின் சீட்டு இருக்கும். கண் மங்கியது யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. இக்கேள்வியை நம் விமரிசகர்கள் எழுப்பாமல் விட்டது நமக்கு வியப்பளிக்கின்றது.

நம் பள்ளிகளில் ஆண்டு விழாக்காலத்தில் நடக்கும் கைவினைக் கண்காட்சிகளைப் பற்றியும் இரண்டு சொல். கஃபாவின் கதவு என்று தெர்மாகோலில் தங்கத் தாளை ஒட்டிவைக்கின்றார்கள். மூன்றாம் நாள் பசை விட்டுத் தாள் சுருண்டுவிடுகின்றது. ஒட்டுவதால் பிள்ளை பொருளின் குணத்தை அறிவதில்லை. கத்தரிக்கோலும் பொறுமையின்மையும் போதும். எண்ணெய்த் தகரத்தையோ மருந்துக் குழாயின் அலுமினியத்தையோ வெட்டி, கை கிழியாதபடி ஓரத்தை மடித்துத் தட்டி, ஆணியால் துளையிட்டு, கம்பியால் தைக்கச் சொல்லலாம். துளை ஓரத்துக்கு மிக நெருங்கினால் தகடு கிழியும். மிக விலகினால் மடியாது. அந்த அளவைப் பிள்ளை தன் விரலாலேயே கற்கும்; ஸபா அத்தியாயத்துப் பாடம் வரும் நாளில் ஆசிரியருக்கு விளக்கம் சொல்லும் வேலையும் குறையும். செம்புக் கம்பிக்குச் செலவில்லை. எரிந்துபோன மின்விசிறி ஒன்றின் சுருளைப் பிரித்தால் ஒரு வகுப்புக்கு வேண்டிய அளவு கிடைக்கும்.