பறக்கும் எழுத்துக்கள்: ஸ்கானிமேற் இயந்திரமும் உள்ளூர்த் தொலைக்காட்சியும்

தொலைக்காட்சி பற்றித் தமிழில் எழுந்த விமரிசனங்கள் பெரும்பாலும் நாடகம், திரைப்படம், செய்தி ஆகியவற்றின் உள்ளடக்கத்தையே நோக்கியுள்ளன. நிகழ்ச்சிகளுக்கிடையிற் சில வினாடிகள் தோன்றி மறையும் நிலைய இலச்சினைகளும் செய்தி முகப்புகளும் ஆய்வுக்குரியனவாக எண்ணப்படவில்லை. எனினும், கணனிச் சித்திரம் பொதுமக்களின் பார்வைக்குப் பரவலாக வந்த வழிகளுள் அச்சில வினாடிகள் முக்கியமானவை. அவற்றின் சமூக அடிப்படையை ஐக்கிய அமெரிக்காவின் ஸ்கானிமேற் இயந்திரத்தைக் கொண்டு இங்கு நோக்க விரும்புகிறோம்.

லீ ஹரிசன் என்னும் பொறியியலாளர் 1960களின் தொடக்கத்தில் 'அனிமாக்' என்ற கருவியை உருவாக்கினார். நடனமாடுபவரின் உடலில் உணர்கருவிகளைப் பொருத்தி, அவ்வுடலசைவுகளைத் திரையுருவின் அசைவுகளாக மாற்றுதல் அதனால் இயன்றது. அதன் வழிவந்ததே, கொலராடோவின் டென்வர் நகரில் அவரது கம்பியூட்டர் இமேஜ் நிறுவனம் 1969 அளவில் அமைத்த ஸ்கானிமேற். இது இன்று நாமறிந்த இலக்கமுறைக் கணனியன்று. மின்னழுத்த மாற்றங்களைக் கொண்டு இயங்கும் ஒப்புமைக் கணனி. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் எடுக்கப்பட்ட எழுத்தோ உருவமோ ஒளிமேசையில் வைக்கப்படும். ஒரு கமரா அதனைப் படித்து, நுண்ணிய கதோட்டுக் கதிர்க் குழாயொன்றிற் காட்டும். கதிரை வழிநடத்தும் மின்னழுத்தங்களை அலையியற்றிகளால் மாற்றும்போது எழுத்து நீளும், சுருங்கும், சுழலும், அலையாக நெளியும். இரண்டாவது கமரா அதனை மீளப் படிக்க, சாம்பல் நிறத்தின் படிநிலைகளுக்கு வெவ்வேறு வண்ணங்கள் ஊட்டப்பட்டு, அவ்விம்பம் ஒளிநாடாவிற் பதிவாகும். இத்தொழில்நுட்பத்திற்காக 1972இல் ஹரிசன் எமி விருது பெற்றார்.

கையால் வரையும் முறையில் ஒரு வினாடி அசைவுக்கு 12 முதல் 24 வரையான சித்திரங்கள் வேண்டும். வரைவோர், மையிடுவோர், வண்ணந்தீட்டுவோர் எனப் பலரது உழைப்பு அதிற் செறிந்துள்ளது. ஸ்கானிமேற்றோ அசைவை அக்கணத்திலேயே தந்தது. இவ்வேகம் யாருக்குத் தேவைப்பட்டது? அமெரிக்காவின் உள்ளூர் நிலையங்களுட் பல, ஏபிசி, சிபிஎஸ், என்பிசி ஆகிய மூன்று பெரும் வலையமைப்புகளின் நிகழ்ச்சிகளையே அஞ்சல் செய்தன. தமக்கே உரியவையென அவை காட்டத்தக்கவற்றுள் முதன்மையானவை உள்ளூர்ச் செய்தியும் அலைவரிசை எண்ணுமே. 1970களில் உள்ளூர்ச் செய்தி விளம்பர வருவாயின் முக்கிய ஊற்றாகியது. அதனாலேயே அலைவரிசை எண் ஒளிவீசிப் பறக்கலாயிற்று. மனிதரிடையேயான உறவு பொருள்களிடையேயான உறவாகத் தோற்றங்கொள்வதை மார்க்ஸ் விளக்கினார். எவர் கையும் படாதது போலத் தானாகவே பறந்துவரும் எண், அத்தோற்றத்தின் கண்கூடான வடிவமாகும்.

ஆயினும், இத்துடன் முடிவு கட்டுவது கொச்சைப் பொருளியல்வாதமாகிவிடும். ஸ்கானிமேற்றுக்கு நினைவகம் இல்லை. இணைப்புவடங்களைக் கழற்றிக் குமிழ்களைத் திருப்பிவிட்டால், அதே அசைவைச் சரியாக மீண்டும் பெறுதல் அரிது. அதனை இயக்கியவர், இசைக்கருவி வாசிப்பவரைப் போல, கையாலும் கண்ணாலும் அவ்விடத்திலேயே அசைவை ஆக்கினார். இயந்திரப் பிரதியாக்கம் கலைப்படைப்பின் தனித்துவ ஒளியை மங்கச் செய்கிறது என்ற வால்ற்றர் பெஞ்சமினின் கருத்தை இங்கு சற்றுத் திருத்தி நோக்கவேண்டியுள்ளது. பிரதிசெய்தற்கெனவே அமைந்த சாதனத்தினுள், மீளச் செய்யவியலாத ஆற்றுகையொன்று நிகழ்ந்தது.

இதே இயந்திரத்தைப் பயன்படுத்தி 1972இல் எட் எம்ஷ்வில்லர் 'ஸ்கேப்-மேற்ஸ்' என்ற படைப்பை ஆக்கினார். நியூயோர்க்கின் பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூஎன்ஈரியின் தொலைக்காட்சி ஆய்வுகூட ஆதரவில் அது உருவாயிற்று. அதில் நடனமாடும் மனித உடல்கள் அருவமான நிலக்காட்சியினூடே இயங்குகின்றன. கருவி ஒன்றே, அதனைப் பயன்படுத்திய சமூக உறவு வேறு. அதற்கேற்ப வடிவமும் வேறாயிற்று. தொழில்நுட்பமே வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்போர் இதற்கு விடைகூறல் வேண்டும்.

1980களில் இலக்கமுறைக் கருவிகள் ஸ்கானிமேற்றை வழக்கொழியச் செய்தன. அவற்றுக்கு நினைவகம் உண்டு. கையின் அறிவு சேமிக்கத்தக்கதாயிற்று, சேமிக்கப்பட்டது உடைமையாயிற்று, உயிருள்ள உழைப்பு இறந்த உழைப்பாக உறைந்தது. இதனைக் கூறுமிடத்து நாம் பழமைக்கு இரங்கவில்லை. ஸ்கானிமேற்றை இயக்கியவர்களும் கூலிக்கே உழைத்தனர். சில வினாடி இலச்சினையில் அவர்களது பெயருக்கு இடமிருக்கவில்லை. அவ்வியந்திரமும் நாடாக்களும் இன்று எஞ்சியிருப்பது, அவற்றோடு பணியாற்றிய பொறியியலாளர் டேவ் சீக் போன்றோரின் முயற்சியினாலேயே. இக்கலையின் வரலாற்றை அதில் உழைத்தவரே பேணினர் என்பது கருதத்தக்கது.

சித்திரம் ஆக்கும் தொழில் மேன்மேலும் கணனியினுள் ஒடுங்கும் இவ்வேளையில், இயந்திரம் கலையைக் கொல்லுமா என்ற வினாவாற் பயன் சிறிதே. இயந்திரத்துட் சேமிக்கப்படும் கைத்திறன் யாருக்கு உரியது என்பதே கேட்கப்படவேண்டியது. அதற்கு விடைகாண விழையும் விமரிசகன், திரையை மட்டுமன்றி, அதன் பின்னுள்ள தொழிற்கூடத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.