கூலிக் கணக்கும் கதையும்: கடல் கடந்த உழைப்பு பற்றிய புனைகதைகளை ஏறாவூரிலிருந்து நோக்குதல்

நாடுகளுக்கிடையே தொழிலையும் கூலியையும் வாழ்க்கைத் தரத்தையும் ஒப்பிடுவது பொருளியலாளருக்கே உரிய தொழில் என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. ஊரை விட்டு வேலை தேடிப் புறப்படும் ஒவ்வொரு மனிதரும் அவ்வொப்பீட்டை முதலிலேயே தம் மனத்துட் செய்து முடித்தவர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஆதலின், கடல் கடந்த உழைப்பைப் பொருளாகக் கொண்ட எக்கதையும் ஒரு கூலிக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது எனலாம். அக்கணக்கை ஆசிரியர் எவ்வளவு தூரம் பின்தொடர்கிறார், எவ்விடத்திற் கைவிடுகிறார் என்பது அப்படைப்பின் யதார்த்தப் பண்பை அளவிடுவதற்கு நம்பகமானதோர் அளவுகோலாக அமையும்.

'மூலதனம்' முதற்றொகுதியின் 22ஆம் அத்தியாயம் தேசங்களுக்கிடையிலான கூலி வேறுபாடுகளைப் பற்றியது. மிகச் சிறிய அத்தியாயம். நம்மவர் அதிகம் எடுத்தாளாதது. இரு நாட்டுக் கூலித் தொகைகளை அருகருகே எழுதிவிடுவதால் மாத்திரம் ஒப்பீடு பிறந்துவிடாது என்பதே அங்கு மார்க்ஸ் வற்புறுத்தும் கருத்து. இன்றியமையாப் பொருள்களின் விலையும் அவற்றின் அளவு வரலாற்றில் உருவான விதமும், தொழிலாளியைப் பயிற்றி ஆளாக்குவதற்கு ஆகும் செலவும், வேலைநாளின் நீளமும் உழைப்பின் செறிவும், அதன் உற்பத்தித்திறனும், பெண்களினதும் சிறுவர்களினதும் உழைப்பு வகிக்கும் பங்கும் ஒருங்கே கணக்கிற் கொள்ளப்பட வேண்டும் என்கிறார் அவர். இறுதியாகக் குறிப்பிட்ட கூறே இக்கட்டுரையின் நோக்குக்கு இன்றியமையாதது. எனினும் நமது புனைகதைகளிற் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் அதுவே.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாவிப் பிரதேசத்தில், செங்கலடியை அடுத்துள்ள முஸ்லிம் பேரூர் ஏறாவூர். வயல், கால்நடை, கடை வியாபாரம், தையல் என்பன அதன் பழைய வாழ்வாதாரங்கள். 1990 ஓகஸ்ட் 11ஆம் திகதி இரவும் மறுநாளும் இங்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதன் பின்னர், மேற்கே படுவான்கரைப் பக்கத்து வயல்களுக்குச் செல்வது பல குடும்பங்களுக்கு ஆண்டுக்கணக்கில் இயலாததாயிற்று. நிலத்தை இழந்த குடும்பத்தின் கூலிக் கணக்கு நிலமுள்ள குடும்பத்தின் கணக்கிலிருந்து முற்றிலும் வேறானது. 2012/13 வீட்டு வருமான செலவின மதிப்பீட்டில் நாட்டின் வறுமை வீதம் 6.7 ஆக இருந்தபோது மட்டக்களப்பு மாவட்டத்தில் அது 19.4 ஆக இருந்தது. மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்கள் செல்லும் மாவட்டங்களுள் மட்டக்களப்பு குறிப்பிடத்தக்க இடம் பெற்றமை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளப்பட வேண்டும்.

இவ்வூரை நாம் எடுத்துக்கொள்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கீழ்க்கரைத் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் பெண்ணுக்கு வீடு கொடுத்தே திருமணம் செய்யும் வழக்கம் நிலைத்துள்ளது. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். சவூதியிலோ குவைத்திலோ ஈட்டிய கூலி ஈற்றிற் சென்றடையும் இடம் பெரும்பாலும் மகளின் அல்லது தங்கையின் சீதன வீடாகும். மார்க்ஸ் கூறிய 'வரலாற்றில் உருவான தேவை' என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை. இங்கு அரிசியையும் மீனையும் போலவே வீடும் உழைப்புச் சக்தியை மீளவுருவாக்கும் செலவினுள் அடங்கும். சோற்றுக்குப் போதுமான கூலி வீட்டுக்குப் போதாது.

இனித் தமிழ்ப் புனைகதை இக்கணக்கை எவ்வாறு எழுதிவந்துள்ளது என்பதை நோக்குவோம். புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய 'துன்பக் கேணி' இத்துறையில் நமக்குக் கிடைக்கும் முதல் வலிய ஆவணம். திருநெல்வேலிச் சீமையின் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணான மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். கூலி கிடைக்கும் இடத்திலேயே உடலும் பறிபோகிறது என்பதை எவ்வித மழுப்பலுமின்றி அக்கதை சொல்கிறது. ஊர்க் கூலியையும் தோட்டக் கூலியையும் எண்ணிக்கையாக வைத்து அது ஒப்பிடுவதில்லை. ஆயினும், ஊரில் மருதிக்கு 'கூலி' என்று பெயர் சொல்லத்தக்க ஒன்றே இருக்கவில்லை என்பதை உணர்த்திவிடுகிறது. சாதியடிமை நிலைக்கும் கூலியடிமை நிலைக்கும் இடையேதான் அவள் ஒப்பிட வேண்டியிருந்தது. இந்நுட்பத்தைப் பின்வந்தோர் பலர் எட்டவில்லை.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) நாவலின் தலைப்பே ஓர் ஒப்பீடு. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்னும் பழமொழி புறப்படுவோரின் மயக்கத்தைச் சுட்டுகிறது. நாவலை ஆசிரியரே பின்னர் ஆங்கிலத்தில் தந்தபோது கானல்நீர் எனப் பொருள்படும் தலைப்பை இட்டார். மலைநாட்டுக் கதைக்குப் பாலைவனத்து உவமை வந்து சேர்ந்தது தற்செயலே எனினும், இன்றைய வாசகருக்கு அது வேறோர் அர்த்தம் தருகிறது. தோட்டத் தொழிலாளர் வாழ்வை மூன்று தலைமுறைகளூடாக எழுத முனைந்த அந்நாவலின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் 'மயக்கம்' என்ற விளக்கத்தோடு எமக்கு உடன்பாடில்லை. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து வந்தோர் கண் மயங்கி வந்தவரல்லர். பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணி கொடுத்த முன்பணம் கையில் ஏற, அம்முன்பணமே கழுத்துக் கயிறாக வந்தவர்கள். 1921இல் ஒழிக்கப்பட்ட 'துண்டு' முறை அக்கடனையே தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றியது. இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் சட்டம் இலங்கையில் 1927இல் வந்தது. 1939இல் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. இவையெல்லாம் இரு நாட்டுக் கூலிகளுக்கிடையிலான வேறுபாட்டை அரசுகள் எவ்வளவு கவனமாக அளந்து கையாண்டன என்பதற்குச் சான்றுகள். அளந்தவர்களை நாவல் காட்டுவதில்லை, மயங்கியவர்களையே காட்டுகிறது.

இந்த முன்பணம் இன்று திரும்பி வந்துள்ளது. பணிப்பெண்ணாகச் செல்ல ஒப்புக்கொள்ளும் பெண்ணின் குடும்பத்துக்கு முகவர் முன்கூட்டியே ஒரு தொகையை வழங்கும் வழக்கம் அண்மைக் காலங்களில் இலங்கையிற் பரவியது. அத்தொகையை வாங்கிய பின் போகமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவளுக்கு நடைமுறையில் இல்லாமற் போகிறது. கங்காணியையும் முகவரையும் ஒரே வரலாற்றுச் சட்டகத்தினுள் வைத்து எழுதப்பட்ட நாவல் எதுவும் எமது பார்வைக்கு எட்டவில்லை.

அயலகமான கேரளத்தின் பக்கம் திரும்பினால், பென்யாமினின் 'ஆடு ஜீவிதம்' (2008) எதிர்ப்படுகிறது. ஆற்றில் மணல் அள்ளிக்கொண்டிருந்த நஜீப் வளைகுடாவுக்குப் புறப்படுமுன் காணும் கனவுகளைப் பென்யாமின் பட்டியலிடுகிறார்: கைக்கடிகாரம், குளிர்சாதனப் பெட்டி, தங்கச் சங்கிலி. அடுத்த கணமே, உண்மையில் வேண்டியது கடன் தீர்ப்பதும் வீட்டுக்கு ஓர் அறை கூட்டுவதும்தான் என்று கணக்குச் சுருங்குகிறது. ஏறாவூர் வாசகர் இவ்விடத்தில் நஜீபைத் தம் ஊரவனாகவே காண்பர். ஆயினும் பாலைவனத்தில் ஆட்டுப் பட்டியினுள் அவன் தள்ளப்பட்டதும் கூலி என்னும் வினா நாவலிலிருந்து மெல்ல மறைகிறது. மனிதனுக்கும் விலங்குக்கும் இறைவனுக்கும் இடையிலான உரையாடலாகக் கதை உயர்ந்துவிடுகிறது. உயர்ந்துவிடுகிறது என்று நாம் சொல்வது முழுப் பாராட்டன்று. கூலி கொடாது வேலை வாங்கியவன் தனியொரு கொடியவனாகத் தெரிகிறானேயன்றி, தொழிலாளியின் நுழைவனுமதியையும் வெளியேற்றத்தையும் எசமானின் கையில் ஒப்படைக்கும் கபாலா முறையின் உறுப்பாகத் தெரிவதில்லை.

கேரளத்துக்கும் கிழக்கிலங்கைக்கும் இடையே மற்றொரு வேறுபாடு அடிப்படையானது. மலையாளிகளுள் வளைகுடா சென்றோர் பெரும்பாலும் ஆடவர். பணிப்பெண்களாகச் செல்வோருக்கு இந்திய அரசு வயதெல்லையை 30 ஆக விதித்திருந்தது. இலங்கையிலோ 1990களின் நடுப்பகுதியிற் சென்றோரில் நால்வருக்கு மூவர் என்ற அளவிற் பெண்களாயிருந்தனர். பின்னர் அவ்விகிதம் குறைந்தது. கேரளத்தில் 1998 தொடக்கம் திருவனந்தபுரத்து அபிவிருத்திக் கற்கை நிலையம் புலம்பெயர்வு பற்றிய கணக்கெடுப்பை வீடுவீடாக நடத்திவந்துள்ளது. அச்சமூகம் தன்னைத் தானே எண்ணிக்கொண்டது. அதன் இலக்கியமும் திரைப்படமும் 'வளைகுடா மலையாளி'யை ஒரு சமூக வகைமாதிரியாக உருவாக்கின.

நம்மிடத்தில் அத்தகைய வகைமாதிரி உருவாகவில்லை என்பதன்று. உருவானது தவறான வகைமாதிரி. கிழக்கிலங்கைச் சிறுகதைகளில் வெளிநாடு சென்ற பெண் பெரும்பாலும் கதைமாந்தராக அன்றி, ஓர் இன்மையாகவே இடம்பெறுகிறாள். கணவன் பணத்தை அழிக்கிறான், அல்லது மறுமணம் செய்கிறான், பிள்ளைகள் கெட்டுப்போகின்றனர், திரும்பி வருபவள் சிதைந்த குடும்பத்தைக் காண்கிறாள். அனுதாபத்தோடு எழுதப்பட்டாலும், அவள் போயிருக்கக் கூடாது என்ற தீர்ப்பே கதையமைப்பினுள் மறைந்திருக்கிறது. அரசும் இதே கதையையே சட்டமாக எழுதியது. 2013இல் நடைமுறைக்கு வந்த குடும்பப் பின்னணி அறிக்கை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் பணிப்பெண்ணாகச் செல்வதைத் தடுத்தது. அந்நியச் செலாவணி வற்றிய 2022இல் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. தாய்மையின் புனிதம் டொலர்த் தட்டுப்பாட்டுக்கு இவ்வளவு விரைவில் வழிவிட்டதைக் கதாசிரியர் எவரேனும் எழுதியிருப்பின் நன்றாயிருந்திருக்கும். சிங்களக் கிராமமொன்றின் பணிப்பெண்களை ஆராய்ந்த மிஷேல் கம்பேர்டின் நூல் (2000), அகப்பைக் காம்பின் நீளமே பெண்ணின் அறிவின் நீளம் என்னும் சிங்களப் பழமொழியிலிருந்து தன் தலைப்பைப் பெற்றது. அக்காம்பு கடல் கடந்து நீண்ட கதையை எழுத மானிடவியலாளர் ஒருவர் வரவேண்டியிருந்தது.

மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதி அரேபியாவிற் சிரச்சேதம் செய்யப்பட்டபோது எழுந்த இரங்கற் கவிதைகளும் இத்தகையனவே. அவள் மலராகவும் மழலையாகவும் பாடப்பட்டாள். வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டோடு 2005இல் அனுப்பப்பட்ட ஒரு தொழிலாளி என்ற உண்மை கண்ணீரில் நனைந்து மங்கிப்போயிற்று.

இக்குறைபாட்டின் வேர் எங்குள்ளது? 1960களில் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் முன்வைத்த தேசிய இலக்கியம், மண்வாசனை ஆகிய கோட்பாடுகள் ஈழத்துத் தமிழ்ப் புனைகதைக்கு ஆற்றிய தொண்டு பெரிது. விவசாயியும் மீனவரும் தோட்டத் தொழிலாளரும் அவற்றினூடாகவே இலக்கியத்துள் உரிமையோடு நுழைந்தனர். ஆனால் மண்வாசனை என்ற கோட்பாடு உழைப்பாளியையும் உழைப்பு நிகழும் இடத்தையும் ஒரே மண்ணில் வைத்தே சிந்தித்தது. ரியாத்திலோ ஜித்தாவிலோ ஒரு சமையலறையில் உழைக்கும் ஏறாவூர்ப் பெண்ணின் தொழிற்களம் அம்மண்ணில் இல்லை. எனவே ஊரில் நின்று எழுதுபவருக்கு அவளது உழைப்புத் தெரிவதில்லை. அவள் விட்டுச்சென்ற வெற்றிடமே தெரிகிறது. 'தொழிலாளர் இலக்கியம்' என்ற தலைப்பின்கீழ் நாம் தொகுத்தவற்றுள் அவள் இடம்பெறாமைக்குக் காரணம் இதுவே என்பது எமது கருத்து.

அவளுடைய கணக்கைச் சற்று நெருங்கி நோக்குவோம். ஆயிரம் ரியால் கூலி என்று கொள்வோம். சவூதி ரியால் 1986 முதல் டொலருக்கு 3.75 என நிலைநிறுத்தப்பட்டுள்ளது. 2022இன் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. ஆயிரம் ரியால் ஊரில் 53,000 ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியது. அதே ஆயிரம் ரியால் 96,000 ரூபாவாயிற்று. அவளது வேலைநாளும் கூலியும் ஓர் அணுவும் மாறவில்லை. ஊரிற் கூலி ஏறியதாகத் தோன்றியதெல்லாம் ஊரின் உழைப்பு மலிந்ததன் மறுபக்கம். சீமெந்தும் கம்பியும் அதனோடு சேர்ந்தே விலையேறியதால், வீட்டின் கூரை அவ்வளவு விரைவில் எழும்பவுமில்லை. அவ்வாண்டில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வேலைக்காக நாட்டை விட்டுச் சென்றனர்.

இக்கணக்கில் எழுதப்படாத வரவு ஒன்றுண்டு. அவள் இல்லாதபோது பிள்ளைகளுக்குச் சமைத்து, உடுப்புத் துவைத்து, பள்ளிக்கு அனுப்பிவைப்பவர் உம்மம்மா அல்லது மூத்த மகள். அம்மகள் பள்ளியை இடையில் நிறுத்தவும் கூடும். ரியாத்தின் எசமானி செலுத்தும் ஆயிரம் ரியாலினால் உண்மையில் இருவரின் உழைப்பு வாங்கப்படுகிறது. ஒருவருக்கே விலை தரப்படுகிறது. பெண்களினதும் சிறுவர்களினதும் உழைப்பு வகிக்கும் பங்கு என்று மார்க்ஸ் குறித்தது இங்கு இரு நாடுகளுக்குக் குறுக்கே பரந்து கிடக்கிறது. உம்மம்மா நமது கதைகளில் தாராளமாகவே வருகிறார். பாசத்தின் உருவமாக வருகிறார். அவர் வேலை செய்கிறார் என்பது கதைக்குள் வருவதில்லை.

வளைகுடா வீடுகளிற் கூலி நிர்ணயிக்கப்படுவது வேலையை வைத்தன்று, கடவுச்சீட்டை வைத்தே என்பது எல்லோரும் அறிந்தது. ஒரே சமையலறையில் ஒரே வேலையைச் செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கும் இலங்கைப் பெண்ணுக்கும் வேறு வேறு கூலி. பிலிப்பைன்ஸ் அரசு தன் பணிப்பெண்களுக்கு 2006இல் 400 டொலர் அடிமட்டக் கூலியை விதித்தது. இலங்கையோ 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை நிறுவிய நாடு. இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் வழங்கிய நாடு. தலா வருமானம் குறைந்த நிலையிலும் ஆயுளும் எழுத்தறிவும் உயர்ந்திருந்தமையால் அமர்த்தியா சென் 1980களில் இதனையும் கேரளத்தையும் உதாரணமாகக் காட்டினார். எழுதப் படிக்கத் தெரிந்த, உடல்நலமுள்ள ஒரு பெண்ணை உருவாக்கிய செலவை இலங்கை மக்களின் பொதுப்பணம் ஏற்றது. அப்பயன் எசமானின் வீட்டுக்குக் கூலிக்கு மேலதிகமாக, விலையின்றிச் சென்று சேர்கிறது. நாட்டின் வாழ்க்கைத் தரக் குறிகாட்டிகள் அண்டை நாடுகளினும் உயர்ந்துள்ளன என்று பெருமைப்படும் அறிக்கைகளில் இவ்வரி இடம்பெறுவதில்லை.

அண்டை நாடுகளோடு அடிமட்டக் கூலியை ஒப்பிட்டால் அப்பெருமைக்கு அதிக இடமுமில்லை. பங்களாதேஷ் ஆடைத் தொழிலில் 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அடிமட்ட மாதக்கூலி 12,500 டாக்கா. அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 113 டொலர். இலங்கையில் 2025 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட தேசிய அடிமட்டக் கூலி 27,000 ரூபா. ஏறத்தாழ 90 டொலர்.

ஏறாவூருக்கு அண்மையில், புன்னைக்குடாக் கடலோரத்தில், துணி பதனிடும் கைத்தொழிற் பூங்கா ஒன்றை அமைக்கும் திட்டம் 2020களின் தொடக்கத்தில் முன்னெடுக்கப்பட்டது. அங்கு வேலை பெறக்கூடிய பெண்ணொருத்தியின் 27,000 ரூபாவை ரியாலாக மாற்றினால் 340 அளவில் வரும். எனினும் 340ஐயும் 1,000ஐயும் அருகருகே எழுதி அவள் முடிவெடுக்கப்போவதில்லை. ரியாத்தில் உணவும் உறைவிடமும் எசமானின் செலவு; ஆனால் வேலைநாளுக்கு எல்லை கிடையாது. புன்னைக்குடாவில் மாலையில் வேலை முடியும். உணவு அவளது செலவு. இரவில் பிள்ளைகளோடு உறங்கலாம். சீதன வீட்டின் சுவர் மட்டும் அத்திவாரத்தோடு நின்றுபோகும். உம்மம்மாவின் முதுமை எத்தனை ஆண்டுக்குத் தாங்கும் என்பதும் அவளது கணக்கினுள் உண்டு. இவ்வளவையும் நிறுத்துப் பார்க்கும் ஒரு பெண் தமிழ்ப் புனைகதையில் இன்னமும் பேசத் தொடங்கவில்லை.