மகுடம் யாருக்கு?

மேடையிலே ஒளி வெள்ளம்! பட்டாடையின் பளபளப்பு! மணிமுடியின் மின்னல்! அந்த மேடையினின்றும் ஒருவர் சினந்து வெளியேறுகிறார். பெயர் கிரிஸ்டல் லபேஜா, நிறம் கறுப்பு. 1967-இல் நியூயார்க் டவுன் ஹால் அரங்கில் நடந்த பெண்கோல அழகுப் போட்டி அது. ‘தி குவீன்’ எனும் ஆவணப்படம் 1968-இல் அதனை உலகுக்குக் காட்டிற்று. முடி சூட்டப்பட்டவர் வெள்ளையரான ஹார்லோ. நடுநிலை தவறிய தீர்ப்பு என்று இடித்துரைக்கிறார் கிரிஸ்டல்.

தோற்றவரின் ஆத்திரம் என்று நகைப்போர் உண்டு. நாம் நகைக்கவில்லை, காரணம் தேடுகிறோம்.

இக்கலைக்கு வித்திட்டவர் யார்? அடிமையாய்ப் பிறந்த வில்லியம் டார்சி ஸ்வான், 1880-களிலேயே வாஷிங்டனில் பெண்கோல நடனவிழா நடத்தினார். 1888-இல் காவலர் புகுந்து கைது செய்தனர். பின்னர் வேறொரு வழக்கில் சிறை சென்றவர், 1896-இல் குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்திடம் மன்னிப்பு வேண்டினார், மறுக்கப்பட்டது. ஹார்லெம் பகுதியிலே, ஹாமில்டன் லாட்ஜ் எனும் கறுப்பர் சங்கத்தின் நடனவிழாக்களில் 1920-களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். விதைத்தவர் கறுப்பர், வதைபட்டவர் கறுப்பர், மகுடம் மட்டும் வெள்ளை நிறத்துக்கா? ஹார்லோவை நாம் பழிக்கவில்லை. அழகை நிறங்கொண்டு நிறுத்த தராசையே பழிக்கிறோம்!

படமோ கிரிஸ்டலின் குமுறலை, விழா முடிந்தபின் எழுந்த சலசலப்பாகக் காட்டி ஓய்ந்தது. ஆனால் அது முடிவன்று, தொடக்கம்! அடுத்த சில ஆண்டுகளில் ‘லபேஜா இல்லம்’ எழுந்தது. அவ்வழியே இல்லங்கள் பல தோன்றின. வீட்டார் விரட்டிய இளைஞருக்கு அங்கே தாய் கிடைத்தாள், பெயர் கிடைத்தது.

அவ்வில்லங்களுக்குள் நுழைந்தது, ஜென்னி லிவிங்ஸ்டன் 1990-இல் அளித்த ‘பாரிஸ் இஸ் பர்னிங்’. நம் நெஞ்சைத் தொட்ட படம், மறுக்கவில்லை. வீனஸ் எக்ஸ்ட்ராவகான்சா எனும் திருநங்கை, திருமணமும் நல்வாழ்வும் வேண்டுமெனக் கனவு பேசுகிறார். 1988-இல் அவர் கொலையுண்டார். அச்செய்தியை இல்லத்தின் தாய் ஏஞ்சி சொல்லும்போது நம் கண் கலங்குகிறது. கலங்கினால் போதுமா? படம் புகழ் குவித்தது, பணமும் ஈட்டிற்று. தோன்றியவர்களோ தம் பங்கைப் போராடிக் கேட்க வேண்டியதாயிற்று. 13 பேருக்கு ஏறத்தாழ 55,000 டாலர் பகிரப்பட்டது. வெள்ளையர் கண்கொண்டு கறுப்பரைக் காட்சிப்பொருளாக்கிய படம் என்று பெல் ஹூக்ஸ் எனும் கறுப்பின அறிஞர் கண்டித்தார்.

2018-இல் வந்த ‘போஸ்’ எனும் தொலைக்காட்சித் தொடரிலே திருநங்கையர் வேடத்தைத் திருநங்கையரே தாங்கினர். திருநங்கை ஜேனட் மாக் எழுதினார், இயக்கவும் செய்தார். பாராட்டுகிறோம்.

தோழர்களே! இத்தகைய படம் காணும்போது, கண்ணீர் வந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள். கதை யாருடையது, கருவி யார் கையில், கூலி யார் பையில் என்று கேளுங்கள். இரக்கம் இரந்து பெறுவது. உரிமை கேட்டுப் பெறுவது. கிரிஸ்டல் அன்று கேட்டது உரிமையை!