முப்பது பேருக்கும் ஒரே விடையா?

செய்முறைத் தேர்வு நாளில் வேதியியல் மாணவர்களின் ரிகார்டு நோட்டுகளைப் புரட்டினால் ஒரு விந்தை புலப்படும். தாள் வண்ணப்பிரிகை (பேப்பர் குரோமட்டோகிராபி) சோதனையில் முப்பது பேருக்கும் ஒரே ஆர்.எஃப். மதிப்பு, அதுவும் நூலில் அச்சாகியுள்ள மதிப்பே! இயற்பியல் ஆசிரியன் அடுத்த துறையில் தலையிடுவதாக எண்ண வேண்டாம். அளவீடு இரு துறைக்கும் பொதுவானது.

ஆர்.எஃப். என்பது யாது? கரைப்பான் தாளில் 10 செ.மீ. ஏறும்போது ஒரு பொருள் 6 செ.மீ. ஏறினால், அதன் மதிப்பு 0.6. தாளிழைகள் பற்றியுள்ள நீரில் அப்பொருள் எவ்வளவு தங்குகிறது, ஓடும் கரைப்பானில் எவ்வளவு கரைகிறது என்பதைப் பொறுத்தது இது. தாளின் வகை, கரைப்பானின் கலவை விகிதம், வெப்பநிலை, ஜாடியில் ஆவி நிறைந்துள்ள அளவு ஆகியவற்றில் எது மாறினாலும் எண்ணும் சற்று மாறும். மதுரையின் ஏப்ரல் வெக்கையில், மாணவர் அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்கும் ஜாடியில், எங்கோ எடுத்த எண் இரண்டாம் தசம இடம்வரை அப்படியே வருமா?

ஆகவேதான், தெரிந்த பொருளையும் தெரியாத பொருளையும் ஒரே தாளில் அருகருகே ஓடவிட்டு ஒப்பிட வேண்டும். இதைக் கற்பிக்காமல் 'சரியான' எண்ணுக்கு மட்டும் மதிப்பெண் வழங்கினால், மாணவர் பார்த்ததை விட்டுவிட்டுப் படித்ததையே எழுதுவர். பிழை அவர்களுடையதன்று, நம்முடையது.

கருவி வசதியில்லை என்பதும் பொருந்தாது. 1952-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கே. வி. கிரியும் என். ஏ. என். ராவும், வட்டத்தாள் முறையில் பிரித்த அமினோ அமிலங்களை இனங்காணும் வழியை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். வட்டமான வடிதாள், நடுவே ஒரு திரி, கரைப்பானுக்கு ஒரு தட்டைக் கிண்ணம், மேலே கவிழ்க்க மற்றொன்று: வட்டத்தாள் சோதனைக்கு இவை போதும். மையத்தைச் சுற்றிப் புள்ளிகள் இட்டால் எல்லாம் ஒரே சூழலில் ஓடும். ஒப்பீடு தானே கிட்டும். கறுப்பு ஸ்கெட்ச் பேனா மையும் தண்ணீரும் கொண்டே தொடங்கலாம்.

2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. அதில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் காணப்பட்டதே காரணம். உணவில் சேர்த்த சாயங்களை இனங்காணத் தாள் வண்ணப்பிரிகையும் பயன்படும் முறைகளுள் ஒன்று. அத்தகைய பணிக்கு நாளை செல்லவிருப்பவர் இன்றைய மாணவரே. அங்கே விடையை முன்கூட்டியே சொல்லும் நூல் கிடையாது. 0.57 வந்தால் 0.57 என்றே எழுதி, ஏன் அப்படி வந்தது என்று விளக்கும் மாணவருக்கே முழு மதிப்பெண் கொடுப்போம்.