உறைக்குள் சுழலும் இழை

எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைராவை இருள்புல நுண்ணோக்கியில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளி இழை தன்னைத் தானே முறுக்கிக்கொண்டு பாயும். தடிமன் மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான். ஈ.கோலை போன்றவற்றுக்குக் கசையிழைகள் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கோ முனைக்கு ஒன்றாக இரண்டே இரண்டு. அவையும் வெளியுறைக்கு உள்ளேயே இருக்கின்றன. அவை சுழலச் சுழல உடலே திருகாகிறது: முன்முனை சுருளும், பின்முனை கொக்கிபோல் வளையும். எதிர்த்திசையில் போக உடலைத் திருப்ப வேண்டியதில்லை, முனைகள் வடிவத்தை மாற்றிக்கொண்டால் போதும். என்ன நேர்த்தி!

இந்த நேர்த்தி பெருமளவு எஃப்சிபிஏ என்ற ஒரே மரபணுவை நம்பி நிற்கிறது. அது தரும் புரதம் கசையிழையைப் போர்த்தி, வளைவைக் கொடுக்கிறது. 2016இல் வெளியான ஆய்வொன்றில், இம்மரபணு பழுதான கிருமியின் இழை நிமிர்ந்துபோனது. முனைகளில் கொக்கியும் இல்லை. முன்னேறி நீந்த முடியாத அந்தக் கிருமியால் ஹாம்ஸ்டர்களுக்கு நோய் உண்டாக்கவும் முடியவில்லை. பழுதற்ற மரபணுவைத் திருப்பிக் கொடுத்ததும் நீச்சல் வந்தது, கூடவே நோயும்.

இப்படி நீந்தும் கிருமி தேங்கிய மழைத்தண்ணீரிலும் இருக்கலாம். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால், அதில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். உள்ளே நுழைய இக்கிருமிக்கு அந்த வழி போதும்.